ஆள் செலவு

நவரை நடவு தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கையில் நாற்பது பக்கம் அச்செடுத்த தாள்கள். இளங்கலைத் தமிழ் என்னிடம் படித்தவள். உத்திரமேரூருக்குத் தெற்கே ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டு, ஐந்தாறு ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இப்போது இயக்குநராக இருக்கிறாள். பத்து இயக்குநர்களில் பெண்கள் இரண்டு பேர். வேளாண்மையில் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் செயற்கை நுண்ணறிவை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒருநாள் பயிற்சி கொடுத்து, தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மாதமாக அவள் கேட்ட கேள்விகளும் அது சொன்ன பதில்களும்தான் அந்தத் தாள்கள். "தமிழ் சரியா இருக்கான்னு பாத்துக் குடுங்க மேடம். உறுப்பினருங்களுக்கு வாட்ஸ்அப்புல அனுப்பணும்" என்றாள்.

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். இரண்டு மூன்று இடங்கள் தவிர, ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருந்தது. லகர ளகர மயக்கம் ஒன்றுகூட இல்லை. என் முதுகலை மாணவர்களின் விடைத்தாள்களில் இந்தச் சுத்தத்தை நான் பார்த்ததில்லை. பதினைந்து பக்கம் தாண்டியும் பேனாவுக்கு வேலை வரவில்லை. ஆனால் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, திருத்துவதற்கு வந்த தாள் என்பதை மறந்து, ஒரு பிரதியை வாசிப்பதுபோல் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.

தொல்காப்பியச் செய்யுளியல் ஒரு செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்கிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது அதில் முதற்பாதி. கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம் என்று பின்னால் வருகிறவற்றை அவர்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், எந்த இடத்தில், எந்தப் பொழுதில், சொல்லாமல் விட்டது எது? இந்த ஐந்தையும் கேட்காமல் ஒரு பாட்டையும் படிக்க முடியாது என்று வகுப்பில் வருடாவருடம் சொல்லி வருகிறேன். பாட்டுக்குச் செல்லுவது உர மூட்டையைப் பற்றிய பதிலுக்கும் செல்லும்தானே.

முதலில் கேட்போர். "உழவர் பெருமக்களே" என்று தொடங்குகின்றன பல பதில்கள். தமிழில் இது ஒரு வசதியான சொல். உழவர், விவசாயி இரண்டுக்கும் பால் கிடையாது. ஆண் என்று எங்கும் எழுதாமலே ஆணோடு பேசிக்கொண்டிருக்கலாம். எழுதியும் பேசியிருக்கிறோம்: 2018இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த வேளாண் செயலியின் பெயர் 'உழவன்'. பயனுள்ள செயலிதான், மானியத்துக்கும் சந்தை விலைக்கும் எங்கள் பக்கத்தில் பலர் அதைத்தான் திறக்கிறார்கள். ஆனால் அந்த னகர ஒற்று யாருக்கும் உறுத்தவில்லை என்பதையும் நான் குறித்துக்கொள்கிறேன். உழத்தி என்று ஒரு சொல் நம்மிடம் இருந்தது. மருத நிலத்து மக்களைச் சொல்லும்போது உழவர், உழத்தியர் என்று இணையாகச் சொன்னது பழைய இலக்கணம். உழவர் என்ற சொல் செயலி வரைக்கும் வந்துவிட்டது. உழத்தி தேர்வு வினாத்தாளோடு நின்றுவிட்டாள்.

அடுத்து வினைமுற்றுகள். "நாற்றைப் பறித்து நடவு செய்யவும்." "இருமுறை கைக்களை எடுக்கவும்." "அறுவடை செய்து தூற்றவும்." நல்ல, மரியாதையான ஏவல். ஆனால் எடுக்கவும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறவர் யார்? பள்ளி இலக்கணத்தில் கருத்தா இரண்டு வகை. தன் கையால் செய்கிறவர் இயற்றுதற் கருத்தா. பிறரைக் கொண்டு செய்விக்கிறவர் ஏவுதற் கருத்தா. தச்சன் கோயில் கட்டுவதற்கும் அரசன் கோயில் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அது. வரப்பில் குடையோடு நின்றுகொண்டிருந்தவர் சாயங்காலம் டீக்கடையில் "இன்னிக்கி ரெண்டு ஏக்கரா நட்டுட்டேன்" என்று சொல்லும் தமிழ் நம்முடையது. சேற்றில் குனிந்திருந்த பெண்கள் அந்த வாக்கியத்தில் இல்லை. செயலியின் நாற்பது பக்கமும் ஏவுதற் கருத்தாவுக்கு எழுதப்பட்டவை. நடுகிற கைக்கு, களை பறிக்கிற கைக்கு ஒரு சொல்கூட அதில் சொல்லப்படவில்லை: குனிந்த முதுகுக்கு என்ன செய்வது, மருந்தடித்த கழனியில் எத்தனை நாள் கழித்து இறங்கலாம், சேற்றுப்புண்ணுக்கு என்ன போடுவது எதுவும் இல்லை. என் மாணவியும் அதைக் கேட்கவில்லை. இயக்குநராகக் கேட்டதால் அவளுக்கே அது தோன்றவில்லை.

களனும் காலமும் எளிதில் பிடிபட்டன. "இப்போது நெல் விடலாமா?" என்று அவள் கேட்டதற்கு, மேட்டூர் அணை ஜூன் 12இல் திறப்பது, குறுவை, சம்பா, தாளடி என்று ஒரு முழுப் பக்கம் பதில் வந்திருந்தது. அத்தனையும் சரி, தஞ்சாவூருக்கு. காவிரி எங்கள் பக்கம் வருவதில்லை. நாங்கள் ஏரியையும் கிணற்றையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பிக் கழனி வைத்திருப்பவர்கள். சம்பா உண்டு, அதோடு மார்கழி தையில் தொடங்கும் நவரையும் சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரியும் எங்கள் பருவங்கள். தமிழ் என்றால் தஞ்சை என்று எடுத்துக்கொள்வது இயந்திரத்தின் கண்டுபிடிப்பு இல்லை. இலக்கியத்திலும் திரைப்படத்திலும் நாம் எழுதிக் குவித்த நெல்வயல்கள் பெரும்பாலும் காவிரிக்கரையில்தானே இருக்கின்றன. தொண்டை மண்டலத்து ஏரிப்பாசனத்தைப் பற்றி எழுதியது குறைவு. அது படித்ததும் குறைவு. அடுத்த முறை ஊர், பாசனம், பருவம் மூன்றையும் சேர்த்து எழுதிக் கேட்டாள். பதில் பாதிக்குமேல் தேறியது.

அந்தப் படம் எடுத்துக் காட்டும் வேலையையும் சொல்ல வேண்டும். இலையைப் படம் எடுத்து அனுப்பினால் நோய்ப் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது பல இருக்கின்றன. ஒன்றிய வேளாண் அமைச்சகமே 2024 ஆகஸ்டில் இப்படி ஒரு தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறையைத் தொடங்கியது. நட்டு இருபது நாளான பயிரில் துரு நிறப் புள்ளிகள். இவள் படம் அனுப்பினாள். குலைநோய், டிரைசைக்ளசோல் தெளிக்கவும் என்றது. இவளுடைய மாமியார் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த மூல வருசா வருசம் இப்டித்தான் காட்டும். நோயுமில்ல ஒண்ணுமில்ல, துத்தநாகம் போடு" என்றிருக்கிறார். வேளாண் விரிவாக்க மையத்தில் காட்டியபோது அவர்களும் துத்தநாகக் குறைபாடு என்றே சொன்னார்கள். மருந்துச் செலவு மிச்சம். கதையை இங்கே நிறுத்தினால் என் கட்சிக்கு வசதியாக இருக்கும். ஆனால் இரண்டு மாதம் கழித்து, கதிர் வந்த நேரத்தில், கழனியின் நடுவில் வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்தபோது அதே மாமியார் "தண்ணி எட்டல" என்றார். செயலி, தூரின் அடியைப் பிரித்துப் பார்க்கச் சொன்னது. பிரித்தால் புகையான். அன்றைக்கு மாமியார் தோற்றார். அதை அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். மூதாட்டியின் அறிவு என்று தனியாகப் பீடம் போட்டு வைப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. இருவர் பார்த்தால் ஒருவர் தவறவிட்டதை மற்றவர் பிடிக்கலாம். அதற்கு இருவரையும் கேட்கிற பழக்கம் வேண்டும். ஊரில் இதுவரை இருந்த பழக்கம் மருந்துக்கடைக்காரரைக் கேட்பது.

கடைசியாக எச்சம். முப்பத்தொன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். "ஏக்கருக்குச் சாகுபடிச் செலவைக் குறைக்க வழி என்ன?" என்று அவள் கேட்டிருந்தாள். உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர் கேட்க வேண்டிய கேள்விதான். பதில் அட்டவணையாக வந்திருந்தது. மிக அதிகச் செலவு பிடிக்கும் இனம்: ஆள் செலவு. குறைக்கும் வழி: பாய் நாற்றங்கால் விட்டு இயந்திர நடவு, நட்ட ஐந்து நாளுக்குள் பிரெட்டிலாகுளோர் களைக்கொல்லியை மணலில் கலந்து தூவுதல், இயந்திர அறுவடை. இந்த மூன்றும் செய்தால் ஆள் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும் என்று கணக்கு முடிந்திருந்தது.

வேளாண்மைப் பாடநூல் ஒன்றும் இதிலிருந்து மாறுபட்டுச் சொல்லாது. ஆனால் நெல்லில் நடவும் களையும் பெண்கள் வேலை. "ஆள்" என்று பால் தெரியாமல் எழுதியிருக்கும் அந்தக் கட்டத்துக்குள் இருப்பது, பறித்துச் சொன்னால், பெண்களின் கூலி. செலவு என்று ஒரு நோட்டில் எழுதப்படுவது இன்னொரு வீட்டில் வரவு. பதிலைக் கூடத்தில் உட்கார்ந்து அவள் சத்தமாக வாசித்திருக்கிறாள். முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து கேட்டாராம்: "ஆள் செலவு ஆள் செலவுன்னு சொல்லுதே, அது நாந்தான?"

இதை அவள் சொன்னபோது நான் தாள்களைக் கீழே வைத்துவிட்டேன். ஐந்து உறுப்பும் செய்யுளியலும் இந்த ஒரு கேள்விக்குப் பக்கத்தில் வரவில்லை.

அந்த அம்மாள் பத்தொன்பது பேர் கொண்ட நடவுக் குழுவுக்கு மூத்தவர். அவர்கள் வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர் கழனி உண்டு, மகன் பெயரில். மற்ற பதினெட்டுப் பேரில் பெரும்பாலோர் காலனிக்காரர்கள், நிலம் இல்லை. இந்த நிலமின்மைக்கும் எங்கள் வட்டாரத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலங்களை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபரில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். காரணை என்ற பெயர் எங்கள் தலைமுறைக்கு மறக்காது. ஏட்டில் ஒரு பெயர், கழனியில் இன்னொருவர் என்பது இங்கே புதிய செய்தி இல்லை. இப்போது அந்த ஏட்டை இயந்திரம் படிக்கிறது என்பதுதான் புதிது.

2025இல் ஊர் ஊராக முகாம் போட்டு உழவர்களுக்குத் தனி அடையாள எண் கொடுத்தார்கள். ஆதாரையும் நிலப் பதிவேட்டையும் இணைக்கும் எண். இனிப் பல திட்டங்களுக்கும் ஆலோசனைகளுக்கும் இதுவே திறவுகோல் என்றார்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் திட்டமும் நிலம் உள்ள குடும்பங்களுக்கானது. அதைப் பற்றிய சந்தேகங்களுக்குப் பல இந்திய மொழிகளில் பதில் சொல்ல 2023 செப்டம்பரில் 'கிசான் இ-மித்ரா' என்ற உரையாடு செயலி வந்தது. எழுதப் படிக்கச் சிரமப்படும் ஒருவர் வாயால் கேட்டுக் காதால் பதில் பெற முடிவது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நண்பனிடம் மாமியார் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அவர் பெயர் பதிவேட்டில் இல்லை. நாடு முழுவதும் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடி நிலங்களைப் பெண்கள் நடத்துவதாகப் பதிவானது நூற்றுக்குச் சுமார் 14. அதே நாட்டில், கிராமப்புறத்தில் வேலை செய்யும் பெண்களில் நான்கில் மூவர் வேளாண்மையில் இருக்கிறார்கள். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் பெண்கள் அனைவரும் தரவின் பார்வையில் ஏதோ ஒருவருடைய ஆள் செலவு.

சட்டம் முயலவில்லை என்று சொல்ல முடியாது. பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் மணமான பெண்களை அது சேர்க்கவில்லை. 2007இல் வந்த தேசிய உழவர் கொள்கை, கூலித் தொழிலாளியையும் குத்தகைக்காரரையும் சேர்த்தே உழவர் என்று வரையறுத்தது. எம். எஸ். சுவாமிநாதன் 2012இல் மாநிலங்களவையில் பெண் உழவர் உரிமைகளுக்கான தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உழுகிறவள் உழவர் என்று சான்று தரச் சொன்ன மசோதா. விவாதம் முடியாமலே 2013இல் காலாவதியானது. அன்று அது சட்டமாகியிருந்தால் இன்றைய பதிவேட்டில் இன்னொரு கட்டம் இருந்திருக்கும். இயந்திரம் அந்தக் கட்டத்தையும் படித்திருக்கும். பினா அகர்வால் 1994இல் எழுதிய 'எ ஃபீல்ட் ஆஃப் ஒன்ஸ் ஓன்' நூலை நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது பொருளாதார நூல் என்று ஒதுக்கிவைத்தேன். அந்தத் தவறுக்கு இந்த நாற்பது பக்கம்தான் தண்டனை.

இந்தப் பெண்களை இயந்திரம் பார்க்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நூறு நாள் வேலையை எங்கள் பக்கம் 'ஏரி வேலை' என்றுதான் சொல்வோம். 2023 ஜனவரியிலிருந்து அந்த வேலையில் நாளைக்கு இருமுறை கைப்பேசிச் செயலியில் படம் எடுத்து வருகையைப் பதிய வேண்டும் என்று கட்டாயமானது. சிக்னல் இல்லாத ஏரிக்குள்ளே வரிசையாக நின்று முகம் காட்டியவர்கள் இதே பத்தொன்பது பேர். உழவர் என்று பதில் சொல்ல ஆளில்லாதவர்களுக்கு, வந்தார்களா என்று சரிபார்க்க மட்டும் தொழில்நுட்பம் தவறாமல் வந்துவிட்டது.

ஏரி என்றதும் எங்கள் ஊர்க் கல்வெட்டு நினைவுக்கு வராமல் இருக்காது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட குடவோலை விதிகள். வெளியூர் விருந்தினர் யார் வந்தாலும் கல்லூரியிலிருந்து அங்கே அழைத்துப் போகும் வேலை எனக்கு. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகு விருந்தினர் கூடிவிட்டார்கள். முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பது என்று சொல்லும்போது எல்லார் முகமும் மலரும். தகுதியைச் சொல்லும்போதும் மலர்ச்சி குறைவதில்லை: 35 வயதுக்கு மேல், 70க்குள், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் சபை அது. பெண்களை விலக்கி ஒரு வரியும் அதில் இல்லை; விலக்க வேண்டும் என்ற நினைப்புக்கே இடமில்லாமல் இருந்திருக்கிறது. பெண்கள் வருவது ஒரே இடத்தில். கணக்குக் காட்டாமல் போனவனோடு அவனுடைய உறவினரும் குடத்தில் பெயர் இடக்கூடாது என்று உறவுகளை அடுக்கும் பகுதியில், தாயோடு பிறந்தவன், மனைவியோடு பிறந்தவன், சகோதரியை மணந்தவன், மகளை மணந்த மருமகன் என்று வருகிறார்கள். ஆணையும் ஆணையும் இணைக்கும் கீல்களாக. இன்றைய பதிவுப் படிவத்தில் 'தந்தை / கணவர் பெயர்' என்ற கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர் தெரிகிறது.

ஆனாலும் அந்தச் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். பொறுப்பு ஓராண்டு. முடிந்ததும் கணக்குக் காட்ட வேண்டும். ஏரித் தண்ணீரைப் பங்கிடும் அதிகாரம் உனக்கு இருந்தால், தவறுக்குப் பதில் சொல்லும் கடமையும் உன்னுடையது. செயலிக்கு இந்தக் கடமை இல்லை. டிரைசைக்ளசோல் தெளித்து, பணமும் போய்ப் பயிரும் தேறாமல் இருந்திருந்தால், அது அடுத்த கேள்விக்கு அதே மரியாதையோடு பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அதன் பதிலை உறுப்பினர்களுக்கு அனுப்புகிறவள் என் மாணவி. கணக்கும் அவளுடையது.

பயிற்சியில் கொடுத்த கையேட்டைப் புரட்டினேன். நல்ல தலைவர் என்றால் புதிய தொழில்நுட்பத்தை மற்றவர்க்கு முன்னால் ஏற்பவர், மற்றவர்களையும் ஏற்க வைப்பவர் என்ற பொருளில் இருந்தது. தலைமை என்பது வேகம். பெண் தலைமைக்கு இப்போது திட்டங்களில் குறையில்லை. கிராமத்துப் பெண்களுக்கு இடுபொருள் ஆலோசனைப் பயிற்சி கொடுக்கும் 'கிருஷி சகி' இருக்கிறது. 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற 'நமோ டிரோன் தீதி'யில் 15,000 மகளிர் குழுக்களுக்கு டிரோன் தருகிறார்கள். வானத்தில் இயந்திரத்தை ஓட்டும் பெண்ணின் படம் எனக்கும் பிடித்தே இருக்கிறது. ஆனால் அவள் என்ன தெளிக்கிறாள், எங்கே தெளிக்கிறாள் என்பதை முடிவு செய்தது யார் என்று கேட்காமல் அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை. கையில் கருவி இருக்கிறது, கேள்வி யாருடையது?

இதற்கு நம்மிடமே வேறு முன்மாதிரிகள் உண்டு. கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் வேலை செய்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்த நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிய வைத்தார். ஏட்டில் பெயர் ஏறுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அறிந்த தலைமை அது. தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கத்தில் தலித் பெண்கள் விதைகளைப் பற்றித் தங்கள் குரலில் பேச 2008இலிருந்து சங்கம் வானொலியை நடத்தியதும் இந்த வகைதான். ஆலோசனை பெறுகிறவர்களாக நிற்காமல், சொல்கிறவர்களாக உட்கார்ந்தார்கள்.

இதையெல்லாம் என் மாணவியிடம் பேசினேன். கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன். இயந்திர நடவை எதிர்க்க வேண்டும் என்பதுபோல என் தொனி போயிருக்க வேண்டும். அடுத்த வாரம் அவள் மாமியாரை அழைத்துக்கொண்டே வந்தாள். அந்த அம்மாள் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "குனிஞ்சி குனிஞ்சி இடுப்பு போச்சிம்மா. சின்னப் பொண்ணுங்க ஒருத்தியும் இந்த வேலைக்கு வரமாட்டேங்குது. வரவும் வேணாம். மிசினு வரட்டும். வந்தா அதை யாரு ஓட்றது, அந்தக் காசு யாரு கைக்கி வருது, அத்த மட்டும் கேட்டுச் சொல்லு." மாடியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கைநடவைக் காக்கக் கிளம்பிய என்னை நான் அன்று கொஞ்சம் அடக்கிக்கொண்டேன்.

என் மாணவி அதையே கேட்டாள். செலவைக் குறைக்க வழி என்ன என்ற பழைய கேள்வியை விட்டுவிட்டு, நிலமில்லாத பத்தொன்பது நடவுப் பெண்கள் சேர்ந்து ஒரு நடவு இயந்திரம் வாங்கி, சுற்றியுள்ள ஊர்களுக்கு வாடகைக்கு ஓட்டினால் ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை, என்ன வரும், என்ன போகும் என்று எழுதினாள். நவரை, சம்பா, சொர்ணவாரி மூன்றையும் சேர்க்கச் சொன்னாள். பாய் நாற்றங்கால் விடும் வேலையையும் அந்தப் பெண்களுக்கே கணக்கிடச் சொன்னாள். வந்த பதில் உருப்படியானது. எண்ணெய், பழுது, ஓட்டுநர் பயிற்சி, வேலை இல்லாத மாதங்கள் என்று அவள் நினைக்காததையும் போட்டிருந்தது. ஒரு பட்டயக் கணக்காளரிடம் போனால் அரைநாள் ஆகும் வேலை. அதே கருவி, அதே கழனி. கேள்வியில் எழுவாய் மாறியது, அவ்வளவுதான்.

தவறும் இருந்தது. மானியம் 40 விழுக்காடு என்று போட்டிருந்தது. விரிவாக்க மையத்தில் விசாரித்தபோது, சிறு குறு உழவர்களுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் 50, மற்றவர்களுக்குத்தான் 40 என்றார்கள். பெண்கள் என்று கேள்வியிலேயே எழுதியிருந்தும் அது 'மற்றவர்' கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அன்றிலிருந்து அவள் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறாள். கேள்வி, பதில், யாரிடம் சரிபார்த்தோம், பதில் தவறானால் யாருக்கு நட்டம் என்று நான்கு பத்தி. நான்காவது பத்தி மாமியார் சொல்லிச் சேர்த்தது. அதை நிரப்பாமல் எதையும் உறுப்பினர்களுக்கு அனுப்புவதில்லை. மற்ற இயக்குநர்களுக்கு இதில் பொறுமை இல்லை. ஒரு பதிலை அனுப்ப ஒரு வாரம் ஆக்குகிறாள் என்று கூட்டத்தில் புகார்.

பங்குனியில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் பத்தொன்பது பேரும் கூடினார்கள். நானும் போயிருந்தேன். சொர்ணவாரிக்குள் இயந்திரம் வந்துவிட வேண்டும் என்பது திட்டம். மானிய விண்ணப்பத்தை என் மாணவி சத்தமாக வாசித்தாள். முதல் கட்டம் விண்ணப்பதாரர் பெயர். இரண்டாவது தந்தை அல்லது கணவர் பெயர். மூன்றாவது சிட்டா எண். பேச்சு அதோடு நின்றது. அங்கே இருந்தவர்களில் வீட்டில் சிட்டா உள்ளவர் மாமியார் மட்டும். அதுவும் மகன் பெயரில். "அதையே கேட்டுப் பாரேன்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கைப்பேசியைக் காட்டினாள். கேட்டாள். நில உரிமையாளரிடம் ஒப்புதல் கடிதம் பெற்று இணைக்கவும் என்று பிழையில்லாத தமிழில் பதில் வந்தது.

உரிமையாளர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் எழுந்து போய்க் கேட்டார். கடன் தன் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்திலும் நியாயம் இல்லாமலில்லை. "சித்திரை பொறக்கட்டும், பாக்கலாம்" என்று கை கழுவப் போனார். என் மாணவி நோட்டைத் திறந்து மூன்றாவது பத்தியில் அந்த நாளின் தேதியைப் போட்டாள். நான்காவதைக் காலியாக விட்டு, பேனாவைப் பிடித்தபடி பெண்களைப் பார்த்தாள்.